இரவல் பதிவேடு

புன்டா அரினாஸில் காற்று
கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.
பலமாக வீசும் மாதங்களில் தெருமுனைகளில்
கயிறு கட்டிவிடுகிறார்கள், பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்தபடிதான் வந்து சேர்கிறார்கள்
நாலடிக்கும் குறைந்த என் வாசகர்கள்,
மூக்கு சிவந்து, ஒரு கையுறையைத் தொலைத்து.

நியமன ஆணையில் என் பொறுப்புகள் பதினொன்று.
நூல்களை வகைப்படுத்துதல்.
கிழிந்ததை ஒட்டுதல்.
புதன்கிழமை மூன்றரைக்குக் கதை வாசித்தல்.
அதில் எழுதாமல் விட்டவை:
டைனோசர் அலமாரிக்குப் பின்னால் அழுகிறவனை
அவன் அழுது முடிக்கும்வரை
யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வது.
திரும்பி வந்த புத்தகத்துக்குள் கிடந்த பால்பல்லை
உறையில் போட்டுப் பெயரெழுதி வைப்பது.
விடியுமுன்பே கணப்பை ஏற்றி வைப்பது;
சிலர் வருவது அதற்காகத்தான் என்பது
தெரியாத மாதிரி இருப்பது.

பெலிசார்தோ ஒரே புத்தகத்தைப்
பதினான்காம் முறையாக நீட்டுகிறான்.
வேறொன்று எடுத்துப் பாரேன் என்றேன்.
"கடைசிப் பக்கத்துக்கு நான் இன்னும் போகலையே,
நாய் அதுவரைக்கும் உயிரோடதானே இருக்கு."
முத்திரை குத்தினேன்.
நாய்க்கு இன்னும் மூன்று வாரம்.

மிலென்கா அப்படியில்லை.
ஒன்பது வயது. கேள்வி கேட்கமாட்டாள்.
தேடியதைத் தானே கண்டுபிடிப்பாள்.
மேசையில் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பாள்,
சீட்டாட்டக்காரர்கள் வைப்பதுபோல.
ஆகஸ்டிலிருந்து அவள் எடுத்துப் போனவை ஏழு.
என்னென்ன என்று
உங்களுக்கும் சொல்வதற்கில்லை.

ஒரு வியாழனன்று அவள் அப்பா ஒனோஃப்ரே வந்தார்.
நண்டுப் படகுக்காரர்; டீசலும் உப்பும் மணந்தது.
பெரியவர்கள் நாற்காலி எங்களிடம் இல்லை.
குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து
தொப்பியைக் கசக்கினார்.
"வீட்டில் வாய் திறக்கிறதில்லை.
ராத்திரி போர்வைக்குள் விளக்கு எரிகிறது.
அப்படி என்னதான் படிக்கிறாள்?
பெற்றவன் கேட்கிறேன்."

என் முன்னே கணினி. ஒரு விசையைத் தட்டினால் போதும்.
ஆனால் அவளுடைய அட்டையில்
ஆறு வயதில் அவளே போட்ட கையெழுத்து இருக்கிறது,
ஓர் எழுத்து தலைகீழாக.
அவளிடமே கேளுங்கள் என்றேன்.
கேட்டுச் சலித்த முகத்தோடு எழுந்தார்.
கதவுவரை போய்விட்டார்.

அங்கேதான் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை:
"படகில் உயிர்காப்பு அங்கியை
எங்கே வைத்திருக்கிறீர்கள்?"
"படுக்கைக்கு அடியில், வலைக்குக் கீழே. ஏன்?"
நான் பசைப்புட்டியை மூடினேன். திறந்தேன்.
அவர் என்னையே பார்த்தார்.
அப்புறம் ஜன்னலுக்கு வெளியே
நீரிணை வெளுத்துக் கொந்தளிப்பதைப் பார்த்தார்,
முப்பது வருடமாகப் பார்க்கிற தண்ணீர்தான்.
ஒன்றும் பேசாமல் காற்றுக்குள் போனார்.

அன்றிரவு தூக்கமில்லை.
சொன்னேனா, சொல்லவில்லையா?
ஒரு பெயரும் உதிரவில்லை, உண்மை.
பூட்டிய வீட்டின் சாவியைத் தரவில்லை;
ஜன்னலில் நிழல் தெரிகிறது என்று
விரல் நீட்டியிருக்கிறேன்.
பதினொன்றில் எதுவும் இதற்கு விடை சொல்லாது.
தேடிப் பார்த்தேன், இரண்டு முறை.

அடுத்த புதன்கிழமை கதை முடிந்து
எல்லோரும் பூட்ஸ் தேடும் சந்தடியில்
அவள் மேசைக்கு வந்தாள்.
நெடுநேரம் என்னை அளந்தாள்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
"ஞாயிறன்னைக்கு எங்கப்பா
ஆரஞ்சு அங்கியைப் போட்டுக்கிட்டே சூப் குடிச்சார், செஞோரா."
சிரிக்கவில்லை.
தகவலாகத்தான் சொன்னாள்.
நீங்கள்தானே என்று கேட்கவுமில்லை.

எட்டாவது புத்தகத்தை வைத்தாள்,
வழக்கம்போலக் கவிழ்த்து.
நான் பின்னட்டையை மட்டும் திறந்து
தேதி குத்தினேன்.